ஜிலேபி மீனின் மண்ணீரலில் வெள்ளை முடிச்சுகள், லேபில் 'பாக்டீரியா இல்லை' – என்ன மருந்து?

தொட்டிமீன்_நெலமங்கலா:
4 மீட்டர் விட்டம், 1.2 மீட்டர் ஆழத் தார்ப்பாய் தொட்டி, பயோஃப்ளாக் (தண்ணீரில் நுண்ணுயிர்த் திரள் வளர்த்துக் கழிவைக் கட்டுப்படுத்தும் முறை). கிஃப்ட் ரக (வளர்ச்சிக்காக மேம்படுத்திய ரகம்) ஜிலேபி 2000, சராசரி 70 கிராம். பெங்களூர்க் குளிரில் காலைத் தண்ணீர் 23 டிகிரி. தினமும் சாவு, தீனி பாதிதான் இறங்குகிறது. அறுத்தால் மண்ணீரல் வீங்கி, அரிசி நொய் போல வெள்ளை முடிச்சுகள். லேபில் வளர்த்துப் பார்த்து ஒன்றும் வரவில்லை என்றார்கள். தீனியில் எந்த மருந்து கலக்கலாம்?

மீன்நலம்:
மருந்து அப்புறம் சார், முதலில் ஃபிரான்சிசெல்லா என்ற பாக்டீரியாவா என்று உறுதி செய்யுங்கள். லேபில் பாக்டீரியா வளர்க்கும் சாதாரண அகார் ஊடகத்தில் அது வளராது. சிஸ்டீன், ஹீமோகுளோபின் சேர்த்த ஊடகம் வேண்டும், அதிலும் மெதுவாகத்தான் வரும். அதனால் அந்த ரிப்போர்ட்டை வைத்து 'இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

செத்து மிதக்கும் மீன் உதவாது, மற்ற பாக்டீரியா மூடிவிடும். தடுமாறி நீந்தும் உயிர்மீன் நாலைந்து பிடியுங்கள். மண்ணீரலும் தலைச் சிறுநீரகமும் (சிறுநீரகத்தின் முன்பகுதி) ஒரு துண்டு 95% எத்தனாலில் (பிசிஆருக்கு, அதாவது கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனைக்கு), ஒரு துண்டு 10% நியூட்ரல் ஃபார்மலினில் (திசுப் பரிசோதனைக்கு). ஃபார்மலினில் போட்டதை பிசிஆருக்கு அனுப்பக் கூடாது. ஹெசரகட்டா சிஃபா (மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்) மையத்திலோ ஹெப்பாள் மீன்வள ஆராய்ச்சி மையத்திலோ இந்தப் பரிசோதனை உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஆசிட்-ஃபாஸ்ட் சாயமும் போடச் சொல்லுங்கள்: மைகோபாக்டீரியம் (காசநோய்க் கிருமியின் இனம்) கூட இதே முடிச்சைத் தரும், ஆனால் அது சாயம் பிடிக்கும், ஃபிரான்சிசெல்லா பிடிக்காது.

தொட்டிமீன்_நெலமங்கலா:
உறுதியானால்?

மீன்நலம்:
இந்தக் கிருமி மீனின் மேக்ரோஃபேஜ் (கிருமியை விழுங்கும் நோய் எதிர்ப்பு) செல்லுக்குள்ளேயே குடியிருந்து பெருகும். அதனால்தான் தாமதமாகக் கொடுக்கும் மருந்து வேலை செய்வதில்லை. மீன் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ஃப்ளோர்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக், கிலோ மீன் எடைக்கு 15 மில்லிகிராம், 10 நாள். உங்கள் மொத்த எடை 140 கிலோ, அதாவது நாளுக்கு 2.1 கிராம், 10% பவுடர் என்றால் 21 கிராம். மீன் எடையில் 2% தீனி என்றால் நாளுக்கு 2.8 கிலோ. பவுடரைத் தீனியில் புரட்டி, மேலே எண்ணெய் பூசி நிழலில் உலர்த்துங்கள். நோயாளி மீன் தின்னாது, தின்கிற மீனைத்தான் காப்பாற்ற முடியும். மீந்த தீனியை அள்ளிவிடுங்கள், அம்மோனியா ஏறும். தண்ணீரில் மருந்து ஊற்றவே வேண்டாம், ஃப்ளாக்கும் போகும். கடைசி வேளைக்குப் பிறகு குறைந்தது 15 நாள் விற்பனை இல்லை.

ஏரிக்கரை:
தண்ணீரை 30 டிகிரிக்குக் கொண்டுபோனால் சாவு நன்றாகக் குறையும். உங்கள் தொட்டி 15,000 லிட்டர். ஒரு டிகிரி ஏற்றவே சுமார் 17 யூனிட் கரண்ட். முதலில் மேலே பாலிதீன் கூடாரம் போட்டு இரவு வெப்பத்தைப் பிடியுங்கள், பிறகு ஹீட்டர், நாளுக்கு ஒரு டிகிரி.

மீன்நலம்:
அண்ணா சொல்வது சரி. ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவும் கூட இருந்தால் சூடு அதற்குத்தான் கொண்டாட்டம். கண் பிதுங்கல், சுழன்று நீந்தல் தெரிந்தால் ரிசல்ட் வரும்வரை ஹீட்டர் வேண்டாம். பிழைத்த மீன் கிருமியைச் சுமக்கும். அதைத் தாய்மீனாக வைக்காதீர்கள், புதுக் குஞ்சோடு சேர்க்காதீர்கள். இந்தத் தொட்டி வலையை அடுத்த தொட்டியில் இறக்க வேண்டாம்.