மூன்றாவது பிரசவம்: இருக்கும் நாட்டிலா, ஊருக்குப் போயா?

வானம்பாடி:
"ரெண்டு பெத்தவளுக்கு மூணாவது ஒரு விஷயமா, இருக்கிற இடத்திலேயே பெத்துக்கலாம்" என்ற பேச்சை வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் நடுவே அடிக்கடி கேட்க முடிகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தலைச்சன் பிரசவத்துக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பிவிடலாம். மூன்றாவதுக்குக் கிளம்பும்போது வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பிரசவ அறைக்குள் பிள்ளைகளைப் பொதுவாக விடுவதில்லை. பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் கணவர் பிள்ளைகளோடு வெளியே, அவள் தனியாக உள்ளே. அதற்குப் பிறகு ஆறு வாரம் பச்சை உடம்போடு மூன்று பிள்ளைகளைச் சமாளிக்க வேண்டும்.

என் கருத்து இதுதான்: பக்கத்தில் உறவு இல்லாதவர்கள் 28 வாரத்துக்கு முன்பே சொந்த நாட்டுக்குப் போய்விடுவது நல்லது. அதுவரை பல விமான நிறுவனங்கள் கடிதம்கூடக் கேட்பதில்லை. 28க்கு மேல் மருத்துவர் கடிதம் கேட்பார்கள். ஒற்றைக் குழந்தை என்றால் 36 வாரத்துக்கு மேலும், இரட்டை என்றால் 32க்கு மேலும் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள்.

தாதியர்மேசை:
நேர் எதிர்க் கருத்து என்னுடையது. 28 வாரத்தில் மருத்துவமனையை மாற்றுவது லேசான காரியம் இல்லை. 11 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனை வைத்துக் கணித்த தேதிதான் கடைசிவரை அளவுகோல். 18 முதல் 22 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன், 24 முதல் 28க்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை. இந்த முடிவுகள் கையில் இல்லாமல் புது மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் யூகித்துத்தான் பார்ப்பார்.

அம்மாவுக்கு நெகட்டிவ் ரத்த வகை என்றால் இன்னும் சிக்கல். அப்பா பாசிட்டிவாக இருந்தால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக அம்மாவின் உடம்பில் எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்க, வழக்கமாக 28 வாரத்தை ஒட்டி ஒரு ஆன்டி‑டி ஊசி. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. நீங்கள் பயணம் சொல்லும் அதே வாரத்தில் முதல் ஊசி வந்து நிற்கிறது. முதல் இரண்டு பிரசவத்திலும் ஊசி சரியாகப் போட்டார்களா, இப்போது எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்பதுதான் மூன்றாவது குழந்தையின் விதியைத் தீர்மானிக்கும். அந்தத் தாள் பழைய நாட்டு மருத்துவமனையின் கணினியில் மாட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்?

கணக்குப்பிள்ளை:
திரும்பி வரும் பயணத்தையும் கணக்கில் சேருங்கள். பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதை வைத்துத்தான் பாஸ்போர்ட், பாஸ்போர்ட்டை வைத்துத்தான் நீங்கள் வாழும் நாட்டின் விசா. ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொடங்க முடியாது. சான்றிதழில் அப்பா பெயரில் ஒரு எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாவிட்டால் திரும்ப முதல் படியிலிருந்து. மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மூத்த பிள்ளைகளின் பள்ளி என்ன ஆவது? சில நாடுகளில், இத்தனை மாதம் வெளியே இருந்தால் அம்மாவின் வசிப்பு அனுமதியே ரத்தாகும். கிளம்புமுன் அதைப் பாருங்கள்.

வாழும் நாட்டில் பெற்றாலும் காகித வேலை உண்டு, மறுக்கவில்லை. அங்கே பிறந்ததாலேயே அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டன் 1983லும், ஆஸ்திரேலியா 1986லும், அயர்லாந்து 2005லும் அந்த வழியை மாற்றிவிட்டன. பெற்றோரின் வசிப்பு நிலையைப் பார்த்துத்தான் இப்போது தருகிறார்கள். இன்னொரு பக்கம், வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும் என்று சொல்லும் தாய்நாட்டுச் சட்டங்களும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் குழந்தை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்றுவிடக் கூடாது.

காப்பீட்டில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் எத்தனை மாதம், எத்தனை குழந்தை வரை செல்லும். இரண்டு குழந்தையோடு நிறுத்திக்கொள்ளும் திட்டங்கள் உண்டு. மூன்றாவதுக்கு மட்டும் வரும் சிக்கல் இது.

வானம்பாடி:
காகிதம் நீங்கள் சொன்னபடியே. ஆனால் காகிதத்துக்காக உடம்பைப் பணயம் வைக்கலாமா? குழந்தை பெறப் பெற, பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்கும் வலி கூடும். முதல் பிரசவத்தில் தெரியாமலே போகும் வலி மூன்றாவதில் பால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் சுருட்டிப் பிடிக்கும். ஒரு கையில் பச்சைக் குழந்தை, மறுகையில் மூன்று வயதுப் பிள்ளை என்று நிற்பவளுக்கு ஓய்வு எங்கே? ஓய்வில்லாமல் ரத்தச் சோகையும் தூக்கமின்மையும் சேர்ந்தால் மனச்சோர்வு வராமல் என்ன செய்யும்?

தாதியர்மேசை:
வரலாம், அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்கு மருந்து விமான டிக்கெட் இல்லை என்றுதான் சொல்கிறேன். ஹீமோகுளோபினை 28 வாரத்திலேயே பாருங்கள். கர்ப்பத்தில் 11க்குக் கீழே போனால் சோகை. நடு மூன்று மாதங்களில் மட்டும் 10.5. இப்போதே இரும்புச்சத்தை ஏற்றினால் பிரசவத்தில் ரத்தம் போனாலும் உடம்பு தாங்கும். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு போட வேண்டாம், உடம்பில் சரியாகச் சேராது. பிரசவம் முடிந்து ஆறாவது வாரப் பரிசோதனையில், மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ கேள்வித்தாளைக் கேட்டு வாங்குங்கள். பத்தே கேள்வி, நம் தாய்மொழியிலும் இருக்கிறது. "நல்லா இருக்கேன்" என்று வாயால் சொல்லிவிட்டு வருபவர்கள் தாளில் உண்மையை எழுதிவிடுகிறார்கள்.

தழும்பு:
இரண்டு பேருமே சுகப்பிரசவத்தை மனதில் வைத்துத்தான் பேசுகிறீர்கள். முதல் இரண்டும் சிசேரியன் என்றால் எந்த நாடு என்ற கேள்வியே இரண்டாம்பட்சம். நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பழைய தழும்பின் மேல், கருப்பை வாயை மூடிக்கொண்டு ஒட்டியிருந்தால் அது தசைக்குள் வேர்விட்டிருக்கலாம். அப்போது பிரசவத்தில் பிரியாது; பிரிக்க முயன்றால் ரத்தம் நிற்காது. சில சமயம் கருப்பையையே எடுத்துவிட வேண்டியிருக்கும். மூன்றாவது சிசேரியனில் இந்த ஆபத்து நூற்றுக்கு நாற்பது.

கடல்காற்று:
நாற்பதா? அப்படியென்றால் இரண்டு சிசேரியன் ஆனவர்கள் மூன்றாவது பெறவே கூடாது என்கிறீர்களா? இப்படி எழுதி யாரையும் பயமுறுத்தாதீர்கள் தோழி.

தழும்பு:
என் வாக்கியம் சரியாக அமையவில்லை, திருத்திக்கொள்கிறேன். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் நாற்பது. 2006ல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வின் கணக்கு அது. அப்படி மூடாமல் மேலே ஒட்டியிருந்தால் அதே மூன்றாவது சிசேரியனில் ஆயிரத்தில் ஒன்று. இவ்வளவு வித்தியாசத்தை ஒரு ஸ்கேன் சொல்லிவிடும் என்பதால்தான் வற்புறுத்துகிறேன். 20 வார ஸ்கேனில் "நஞ்சுக்கொடி எங்கே, பழைய தழும்பைத் தொடுகிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தாழ்வாக இருந்தால் 32 வாரத்தில் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் மேலே ஏறிவிடும். ஏறாமல், வேர்விட்ட அடையாளமும் தெரிந்தால், 34 முதல் 36 வாரத்துக்குள் அறுவை செய்வதுதான் வழக்கம். அதற்கு நிறைய ரத்தம் கையிருப்பு, பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சை, அனுபவப்பட்ட குழு மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். தாய்வீடு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அருகில் அப்படி ஒரு மருத்துவமனை இல்லையென்றால் அங்கே போகாதீர்கள். வாழும் நாட்டில் இல்லாவிட்டால் அங்கே இருக்கவும் வேண்டாம்.

முந்தைய அறுவைக் குறிப்பை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியும் தழும்பு வேறு, உள்ளே கருப்பையில் போட்ட வெட்டு வேறு. உள்வெட்டு நெடுக்காகப் போயிருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயலவே விடமாட்டார்கள்.

வானம்பாடி:
இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கிறேன். இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்கு என் 28 வார யோசனை பொருந்தாது. இரண்டு சுகப்பிரசவம் ஆனவர்களுக்குப் பொருந்தும் என்றே இன்னும் நினைக்கிறேன்.

தாதியர்மேசை:
அவர்களுக்குத்தான் வேறொரு ஆபத்து இருக்கிறது. முதல் பிரசவத்தின் வலி நாள்கணக்கில் இழுக்கலாம். மூன்றாவதில் சிலருக்கு மூன்று மணி நேரத்துக்குள் எல்லாமே முடிந்துவிடும். "ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலி, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பு" என்பது முதல் பிரசவத்துக்குச் சொல்லும் கணக்கு. மூன்றாவதில் வலி சீராக வரத் தொடங்கியதுமே போனை எடுக்க வேண்டும். தலை இன்னும் இறங்கவில்லை என்று போன வாரம் மருத்துவர் சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். முன்பே பெற்றவர்களுக்கு வலி வந்த பிறகுதான் தலை இறங்குவது வழக்கம். இரண்டாவது பிரசவம் எத்தனை மணி நேரத்தில் முடிந்தது என்பதைப் பதிவு செய்யும் நாளிலேயே சொல்லுங்கள். மிக வேகமாக முடிந்திருந்தால், மருத்துவமனைக்குத் தூரமும் இருந்தால், நாள் குறித்து வலியை வரவழைப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

கடல்காற்று:
வண்டி வருவதற்குள் குழந்தை வந்துவிட்டால்? கணவர் மட்டும்தான் பக்கத்தில்.

தாதியர்மேசை:
மலம் வருவது போல முட்டினால் கழிப்பறைக்குப் போகவே கூடாது. வருவது குழந்தையின் தலை. வாசல் கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, அவசர எண்ணை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள். அவர்கள் சொல்லச் சொல்லச் செய்யலாம். ஜன்னலை மூடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். பச்சைக் குழந்தையின் உடம்பு நிமிடத்தில் குளிர்ந்துவிடும். அம்மா ஒருக்களித்துப் படுக்கட்டும், அல்லது கைகால் ஊன்றி மண்டியிடட்டும், நிற்க வேண்டாம். கீழே துண்டு விரியுங்கள். தலையை இழுக்கக் கூடாது, கையால் தாங்கினால் போதும். கழுத்தில் கொடி சுற்றியிருந்து தளர்வாக இருந்தால் தலைக்கு மேலாக எடுத்துவிடலாம். உடம்பு வழுக்கிக்கொண்டு வரும், நழுவ விடாதீர்கள்.

உடனே காய்ந்த துண்டால் அழுத்தித் துடையுங்கள், முதுகைத் தேயுங்கள். தேய்த்தாலே பெரும்பாலும் அழுதுவிடும். ஈரத் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அம்மாவின் வெறும் மார்பில் படுக்க வைத்து வேறு துண்டால் இருவரையும் சேர்த்து மூடுங்கள். தலையையும் மூட வேண்டும். தொப்புள்கொடியை வெட்டவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். நஞ்சுக்கொடி தானாக வரும், கொடியைப் பிடித்து இழுத்தால் கருப்பையே வெளியே புரண்டுவிடும் ஆபத்து உண்டு. வந்துவிட்டால் ஒரு பையில் போட்டு, கொடியோடு குழந்தையின் பக்கத்திலேயே வையுங்கள்.

இதற்கப்புறம்தான் உண்மையான கவலை. பலமுறை விரிந்த கருப்பை சில சமயம் சோம்பிப்போய்ச் சுருங்காது. தொப்புளுக்குக் கீழே கை வைத்தால் கிரிக்கெட் பந்து போலக் கெட்டியாக இருக்க வேண்டும். மாவு போலத் தொளதொளவென்று இருந்தால் வட்டமாக அழுத்தித் தேயுங்கள், குழந்தையைப் பால் குடிக்க விடுங்கள், சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையைச் சுருங்க விடாது. 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் அதை அளவுமீறிய ரத்தப்போக்கு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ரத்தம் வழிந்துகொண்டே இருந்தால் மறுபடி போனில் சொல்லுங்கள். மருத்துவமனையில் என்றால் கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி உடனே கிடைக்கும்.

வானம்பாடி:
இவ்வளவையும் ஒரு மனிதர் தனியாக, இரண்டு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கச் செய்ய வேண்டும் என்பதுதான் என் வருத்தமே. ஊரில் இன்னொரு பெண்ணாவது பக்கத்தில் இருப்பாள்.

கணக்குப்பிள்ளை:
அந்த இன்னொரு பெண்ணைக் கூட்டி வரலாமே. பாட்டிக்கு வருகை விசா வாங்கலாம். ஆனால் 39வது வாரத்துக்கு டிக்கெட் போடுபவர்கள்தான் அதிகம். மூன்றாவது குழந்தை தேதிக்குக் காத்திருக்குமா? 36வது வாரத்தில் வந்திறங்கினால் நேர மாற்றத் தூக்கம் சரியாகும், பிள்ளைகள் ஒட்டிக்கொள்வார்கள், பள்ளிக்குப் போகும் வழியும் பழகும். விசாவுக்குப் பல வாரம் ஆகும், 20 வார ஸ்கேன் முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள். பாட்டிக்கும் மருத்துவக் காப்பீடு எடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் பணம் வராது.

பாட்டி வர முடியாதவர்கள், இருபது நிமிடத்தில் வந்து சேரக்கூடிய இரண்டு குடும்பங்களிடம் முன்கூட்டியே பேசி சாவியைக் கொடுத்து வையுங்கள். ஒருவர் மட்டும் போதாது, அவர் பிள்ளைக்கும் அன்று காய்ச்சல் வரலாம்.

கடல்காற்று:
காரில் மூன்று குழந்தை இருக்கை பின்வரிசையில் பொருந்துமா என்று யாராவது பார்த்தீர்களா? பல நாடுகளில் பச்சிளம் குழந்தைக்கு இருக்கை இல்லாமல் வண்டியில் ஏற்றக்கூடாது. நடுவில் மாட்டினால் பக்கத்துப் பிள்ளையின் பெல்ட் கொளுவி உள்ளே அமுங்கி, கையே போகாது. 34 வாரத்திலேயே மூன்றையும் மாட்டிப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாருங்கள்.

தாதியர்மேசை:
நல்ல கேள்வி. இன்னொன்றும் செய்யுங்கள். அவசர எண்ணுக்குச் சொல்ல வேண்டியதை அந்த நாட்டு மொழியில், உச்சரிப்பை நம் எழுத்தில் எழுதி வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். முகவரி, மாடி, கீழ்வாசல் எண் பூட்டின் குறி, "மூன்றாவது பிரசவம், வலி இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை", ரத்த வகை. வானம்பாடி, ஊருக்கே போனாலும் இந்தத் தாள் வேண்டும். அங்கேயும் வண்டி வர நேரமாகும்.

வானம்பாடி:
தாளைத் தமிழிலும் ஒரு பிரதி எடுத்து ஒட்டுங்கள். கூட இருக்கப்போகும் பாட்டியும் படிக்க வேண்டுமே.