பொருள்: இஞ்சின் ‘ஓவராயில்’ – தமிழில் ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

செந்தூல் | செவ்வாய் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பையன்கள் ஒன்பது பேருக்கு நம் பத்துமலை அண்ணன் சனிக்கிழமைதோறும் தன் வீட்டு முகப்பில் மோட்டார் சைக்கிள் வேலை பழக்குகிறார் என்பது குழுவில் பலருக்குத் தெரியும். பாடப்பொருள் அவருடைய சொந்த வண்டி, 1986 மாடல் பிஎம்டபிள்யூ ஆர்80 ஆர்டி. முன்னால் பெரிய காற்றுத்தடுப்பு, பின்னால் இரு பக்கமும் பெட்டி, தொலைதூரம் போவதற்கென்றே செய்த வண்டி. இப்போது அதன் இஞ்சின் பாதி வண்டியிலும் பாதி மைலோ டின்களிலும் இருக்கிறது. அண்ணன் எழுதிய கையேட்டைத் தமிழாக்குவது என் வேலை. முப்பத்தெட்டுப் பக்கமும் முடித்துவிட்டுத் தலைப்பில் வந்து நிற்கிறேன்.

ஆங்கில ‘overhaul’-ஐ எல்லாப் பட்டறையிலும் ‘ஓவராயில்’ என்கிறார்கள். போன வாரம் இதற்குப் பொருள் எழுதச் சொன்னால், இரண்டு பையன்கள் ‘அளவுக்கு மீறி மினியாக் ஈத்தாம் (இஞ்சின் ஆயில்) ஊற்றுவது’ என்று எழுதியிருக்கிறார்கள். காதில் விழுந்ததை எழுதினார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

‘பழுதுபார்த்தல்’ போதாது, பஞ்சர் ஒட்டுவதும் பழுதுபார்த்தல்தான். ‘புதுப்பித்தல்’ என்றால் ரோட் டேக்ஸ் ஞாபகம் வருகிறது. ‘மறுசீரமைப்பு’ என்றால் அமைச்சரவை. பிரித்து, ஒவ்வொன்றாக அளந்து, தேய்ந்ததை மாற்றி, நல்லதை வைத்துக்கொண்டு, திரும்பக் கோப்பது. இத்தனையும் ஒரு சொல்லுக்குள் வர வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் அச்சுக்குப் போகிறது.

பிரிக்பீல்ட்ஸ் | செவ்வாய் இரவு

தம்பி, இதற்கு எதற்கு இத்தனை யோசனை? ‘இஞ்சின் இறக்கிக் கட்டணும்’ என்றால் எங்கள் வீட்டுப் பாட்டிக்கும் புரியும், செலவுக் கணக்குப் பார்க்கிற என் வீட்டுக்காரருக்கும் புரியும். ‘இறக்கிக் கட்டுதல்’ என்று போட்டுவிட்டுத் தூங்குங்கள். முப்பது வருடமாக வகுப்பில் நிற்கிறேன். புதுச் சொல்லைப் பலகையில் எழுதினால் அதை விளக்கவே அரை மணி நேரம் போய்விடுகிறது, பாடம் எங்கே நடத்துவது?

ஆயர் ஈத்தாம் | புதன் காலை

அன்புடையீர், அவசரம் வேண்டாம். முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். அது பட்டறைச் சொல்லே அன்று, கப்பற்சொல். கயிற்றை இழுத்துப் புரட்டிச் சோதிப்பதிலிருந்து வந்தது. கடல் தொழிலில் நாம் அவர்களிடம் கடன் வாங்க வேண்டியதில்லை. 1025-இல் இராசேந்திரனின் படை கடாரத்துக்கு வந்தது. அந்தக் கடாரம், இன்றைய கெடா, எனக்குப் பக்கத்து மாநிலம். அத்தனை கலங்களைக் கரையேற்றிச் செப்பனிட நம்மவரிடம் சொல் இல்லாமலா இருந்திருக்கும்? ‘கலப்பற்று’ என்றொரு சொல் உண்டு. மரக்கலத்தின் பலகை இடுக்குகளை அடைக்கும் வேலை. கலம் + பற்று. உங்கள் கையேட்டில் இஞ்சின் பாகங்களுக்கு இடையே கசிவை அடைக்கும் ‘கேஸ்கெட்’ என்று வருமே, அதற்கு இதையே வைக்கலாம்.

இனி உங்கள் சொல். ‘யா’ என்றால் கட்டுதல், அதிலிருந்து யாப்பு. செய்யுளைச் சீர் பிரிக்கிறோம், அலகிடுகிறோம், தளை பார்க்கிறோம், அடியாகக் கட்டுகிறோம். பொறியில் நடப்பதும் இதுவே. ஆகவே ‘மறுயாப்பு’. ‘மறு’ என்றால் குற்றம் என்றும் பொருளாயிற்றே என்று யாரும் கிளம்ப வேண்டாம். மறுபிறவியும் மறுமணமும் குற்றமா?

பட்டர்வொர்த் | புதன் மதியம்

ஐயா, ‘கலப்பற்று’ போர்த்துகீசியர் வழியாக வந்தது என்றுதான் நான் படித்திருக்கிறேன். அவர்கள் மொழியில் கப்பல் இடுக்கு அடைப்பவருக்குக் ‘கலஃபாத்தே’ என்று பெயர். கலமும் பற்றும் பிற்பாடு நாம் பார்த்துவைத்த பொருத்தம்.

நான் தொழிற்கல்லூரியில் பாடம் எடுப்பவன், அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். மலாய் மொழிக்கு 1956-இலிருந்து டேவான் பஹாசா என்ற அரசு மொழி நிறுவனம் இருக்கிறது. பிஸ்டனுக்கு ‘ஓம்போ’, வால்வைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டுக்கு ‘ஆச்சி செசொண்டோல்’ என்று சொல் செய்து, பாடநூலில் ஏற்றி, தேர்விலும் கேட்கிறார்கள். மாணவர்கள் அழகாக எழுதுகிறார்கள். தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் ‘பிஸ்டன்’தான். அரசும் தேர்வும் பின்னால் நிற்கிற சொல்லுக்கே இந்த நிலை. நம்மிடம் இருப்பது ஒன்பது பையன்களும் ஒரு வீட்டு முகப்பும். ‘மறுயாப்பு’ எத்தனை சனிக்கிழமை தாங்கும்?

ஆயர் ஈத்தாம் | புதன் மதியம்

நீங்கள் எழுதிய ‘ஆச்சி’ நம் ‘அச்சு’ அன்றி வேறென்ன? கப்பல், கடை, பெட்டி, கட்டில் எல்லாம் மலாய்க்குக் கொடுத்தவர்கள் வண்டியச்சை மட்டும் ஒளித்துவைத்தோமா? பாவாணர் வழியில் வேர் பார்த்தால் விளங்கிவிடும். விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

ஈப்போ ரோடு | புதன் மாலை

பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை செய்வதால் ‘குடமுழுக்கு’ என்றே போடலாமே. எண்ணெய்க் காப்பும் உண்டு. (அடிக்க வராதீர்கள்.)

பத்துமலை | புதன் இரவு

எல்லாருக்கும் வணக்கம். இப்போதுதான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

டீச்சர், ‘இறக்கி’யில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த வண்டியில் நான் இஞ்சினை இறக்கவே இல்லை. இது பாக்ஸர் இஞ்சின். இரண்டு சிலிண்டரும் ஆளுக்கொரு பக்கமாகக் கை நீட்டிக்கொண்டிருக்கும். 1923-இல் வந்த ஆர்32-லிருந்தே இந்தக் கிடப்புதான். சிலிண்டரின் மூடியான ஹெட்டையும் சிலிண்டரையும் இஞ்சின் வண்டியில் இருக்கும்போதே பக்கவாட்டில் உருவிவிடலாம். நான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே உருவினேன். ‘இறக்கி’ என்று தலைப்புப் போட்டால், முதல் நாளே பையன்கள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இஞ்சின் போல்ட்டைத் தேடுவார்கள்.

சொல் எதுவானாலும் எனக்குச் சரி. ஆனால் பிரித்ததும் மாற்றுவது என்ற எண்ணத்தைக் கொடுக்கக் கூடாது. அதில் நான் அடிபட்டவன். 1981-லிருந்து இந்த வரிசை வண்டிகளின் சிலிண்டருக்குள் இரும்பு கிடையாது. அலுமினியச் சுவரின்மேல் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த பூச்சு. ரொம்பக் கெட்டி, ஆனால் ரொம்ப மெல்லிசு. இரும்பு சிலிண்டர் மாதிரி இதை உள்ளே கடைந்து (‘போர்’ போட்டு) பெரிதாக்க முடியாது. ஆறு வருடத்துக்கு முன்னால் அவசரத்துக்கு ஒரு பட்டறையில் விட்டேன், பெயர் வேண்டாம். பழைய வண்டி என்றதும் அளந்துகூடப் பார்க்காமல் உள்ளே கல்லை விட்டுத் தேய்த்துவிட்டார்கள். அவர்கள் தேய்ப்பதற்கு முன் அந்த சிலிண்டரில் ஒரு குறையும் கிடையாது, வால்வுக்காகத்தான் விட்டேன். அதற்குப் பிறகு தாப்பா தாண்டிக் கேமரன் மலை ஏறினால் பின்னால் வருபவருக்கு நான் தெரியமாட்டேன், புகைதான் தெரியும். இப்போது இந்த வேலை நடப்பதே அதனால்தான்.

இந்தத் தடவை பையன்கள்தான் அளக்கிறார்கள். ஒவ்வொரு அளவையும் இரண்டு பேர் எடுத்து, எண் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கிற சர்க்லிப் என்ற சின்ன வளையம் இஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் விழுந்துவிடாமல் இருக்க அதன் வாயில் துணி அடைக்க வேண்டும். ஒருவன் உள்ளே போய், என் பழைய தைப்பூச வேட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலை சரிதானே.

ஐயா சொன்ன தளை எனக்குப் பிடித்தது. கடைசியில் இஞ்சின் ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளி வைப்போம். காற்று உள்ளே வரும் பக்கம் 0.10 மி.மீ., புகை வெளியே போகும் பக்கம் 0.20. அதிகமாகிவிட்டால் இங்கேயும் தட்டும், தெரு முனை வரை கேட்கும்.

செந்தூல் | வியாழன் காலை

‘அச்சு’ பற்றிய ஏழு மடல்களையும் படித்தேன். ஐயாவின் உழைப்புக்கு நன்றி, ஆனால் எனக்கு நாளை மதியம்.

நேற்று இரவு சோறு போடும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா கோலசிலாங்கூர்ப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். முழுதாகக் கேட்டுவிட்டு, “கூரையைப் பிரிச்சு மேயிற மாதிரிதானே?” என்றார். அவர்கள் இருந்த வீட்டுக்கு அத்தாப்புக் கூரை, அதாவது ஓலைக் கூரை. ஒழுக ஆரம்பித்தால் முழுக்கப் பிரிப்பார்களாம். மக்கிய ஓலை அடுப்புக்குப் போகும். தாத்தா ஒவ்வொரு கம்பையும் தட்டிப் பார்ப்பார். சத்தம் கணீரென்று வந்தால் அது இருக்கும், பொத்தென்று வந்தால் போகும். பிறகு புது அத்தாப்பை அடுக்கிக் கட்டுவார்கள். வீடு அதே வீடு.

அண்ணன் கேட்ட அளப்பதும் விடுவதும் வைத்துக்கொள்வதும் இதில் அப்படியே இருக்கின்றன. ‘பிரித்துமேய்வு’. யாரும் புதிதாகச் செய்த சொல்லும் அன்று.

பிரிக்பீல்ட்ஸ் | வியாழன் காலை

அம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் தம்பி, என் வகுப்பில் ‘பிரிச்சு மேஞ்சுட்டான்’ என்றால் எவனோ எவனையோ அடித்திருக்கிறான் என்று அர்த்தம். நான் எழுந்து ஓடுவேன். இந்தப் பையன்கள் அடுக்குமாடியில் பிறந்தவர்கள், கூரை மேய்வதை எங்கே பார்த்தார்கள்? நாளைக்கு வேலைக்கு விண்ணப்பம் போடும்போது ‘பிரித்துமேய்வில் பயிற்சி பெற்றவன்’ என்று எழுதினால் மாடு மேய்த்தாயா என்று கேட்பார்கள்.

பத்துமலை | வியாழன் மதியம்

டீச்சர், சிரித்தால் மறக்கமாட்டான்கள்.

ஆயர் ஈத்தாம் | வியாழன் மதியம்

சொல்லின் வேர் சரி, வடிவம் பிழை. வேய்தல் என்பதே செவ்விய வடிவம். பெரும்பாணாற்றுப்படையில் ‘ஈத்திலை வேய்ந்த எய்ப்புறக் குரம்பை’ என்று வருகிறது. ஈச்சமிலை வேய்ந்த குடிசை முள்ளம்பன்றியின் முதுகுபோல் சிலிர்த்து நிற்கிறதாம். காற்றில் ஆறுவதற்காக இதழ் இதழாக இருக்கும் உங்கள் சிலிண்டரை இந்த வரியோடு வைத்துப் பாருங்கள்! ‘மேய்’ ஆடுமாடுகளுக்கு உரியது. ‘பிரித்துவேய்வு’ என்றால் எனக்கு இசைவு. ஆயினும் ‘மறுயாப்பு’ என் முதல் தெரிவாகவே இருக்கிறது.

பட்டர்வொர்த் | வியாழன் மாலை

கூரை வேய்வதற்கு ‘மேய்தல்’ என்று அகராதியிலேயே தனிச் சொல்லாக இருக்கிறது, ஐயா. மாடு வேறு, கூரை வேறு. எல்லாத் தோட்டத்துப் பாட்டிகளும் பிழையாகப் பேசினார்கள் என்று நான் ஏற்கமாட்டேன்.

இன்னொரு கேள்வி. கையேட்டின் கடைசி அத்தியாயத்தில் ஆர்80-ஐ ஆர்100 அளவுக்கு ஏற்றுவது வருகிறதே. பிஸ்டன் ஓடும் தூரம் இரண்டுக்கும் ஒன்றுதான், 70.6 மி.மீ. சிலிண்டரின் விட்டம் மட்டும் 84.8-இலிருந்து 94 ஆகிறது. அதிலேயே 797.5 சிசி 980 ஆகிவிடுகிறது. இதுவும் பிரித்துமேய்வா? கூரை மேயும் சாக்கில் வீட்டையே அகலப்படுத்தியது போலல்லவா இருக்கிறது?

பத்துமலை | வியாழன் மாலை

இல்லை, அது வேறு. சிசி, வண்டியின் உரிமைப் பத்திரமான கிராண்டில் இருக்கிறது, ரோட் டேக்ஸ் அதை வைத்துத்தான். அளவை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். மலாய் பாரத்தில் ‘ஊபா சுவாய்’ என்றிருக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் பையன்கள் மாட்டிக்கொள்வார்கள். எப்படியும் புது சிலிண்டர் வாங்கப் போகிறேன் என்பதால் பெரிதாகவே வாங்கலாம் என்று ஒருவன் ஒரு மாதமாக நச்சரித்தான். நான் 84.8-தான் வாங்கினேன். கேமரன் ஏற அது போதும். அவன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

செந்தூல் | வியாழன் இரவு

சரி, அதற்கு ‘மாற்றியமைத்தல்’. யாருக்கும் மறுப்பில்லையே? (மூன்று நாளில் எல்லாரும் ஒத்துக்கொண்ட முதல் சொல்.)

பிரிக்பீல்ட்ஸ் | வியாழன் இரவு

நானும் இறங்கி வருகிறேன். அந்த வண்டியில் ‘இறக்கி’ பொருந்தாது என்றால் ‘பிரித்துக் கட்டுதல்’ என்று வைத்துக்கொள்ளலாம். சிரிப்பும் வராது, மாடும் வராது.

செந்தூல் | வெள்ளி மதியம்

அச்சகத்தின் வாசலில் நின்று எழுதுகிறேன். வந்த ஓட்டுகள்: பிரித்துக் கட்டுதல் 6, பிரித்துமேய்வு 4, மறுயாப்பு 1, பிரித்துவேய்வு 1. கடைசி இரண்டும் ஒரே கையெழுத்து. தலைப்பு ‘பிரித்துக் கட்டுதல்’ என்றே போகிறது. எனக்கு முழு மனதில்லை. அம்மா சொன்னதை இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டேன், அது ஓட்டுக்கு வரவில்லை.

பத்துமலை | சனி மாலை

கையேடு வந்து சேர்ந்தது, நன்றி தம்பி. சர்க்லிப் ஒன்றைக் காணோம் என்று ஒரு மணி நேரம் தேடினோம். வேட்டியை உதறியபோது விழுந்தது. பையன்கள் மைலோ டின்களில் அவர்களாகவே பேர் ஒட்டிவிட்டார்கள். ஒரு வரிசையில் ‘மேஞ்சது’, இன்னொரு வரிசையில் ‘மேய வேண்டியது’.

ஆயர் ஈத்தாம் | சனி இரவு

‘மேஞ்சது’ அன்று, ‘மேய்ந்தது’. அதுவும் ‘வேய்ந்தது’ என்றிருக்க வேண்டும். கலப்பற்று பற்றிய என் விரிவான மடல் நாளைக் காலை.