போகிமான் ஃபாயில் கார்டெல்லாம் வளையுது, ஃப்ரேம்ல மாட்டவா பெட்டில பூட்டவா?

வீடு பெசன்ட் நகர், ரெண்டாவது மாடி, கடல் காத்து நேரா உள்ள வரும். 400 போகிமான் கார்டு இருக்கு, அதுல 60 ஃபாயில் (பளபளன்னு மினுக்குற படலம் ஒட்டின கார்டு). போன அக்டோபர் மழைல இருந்து ஃபாயில் மட்டும் படம் இருக்குற பக்கமா வளைஞ்சு அப்பளம் மாதிரி நிக்குது, சாதா கார்டுக்கு ஒண்ணும் ஆகல. ஸ்லீவ் போட்டு பைண்டர்ல வெச்சாச்சு, டாப்லோடர் (கெட்டி பிளாஸ்டிக் உறை) வாங்கியாச்சு, டப்பால சிலிக்கா ஜெல் போட்டும் பாத்தாச்சு, கனமான டிக்‌ஷனரிக்கு அடில ஒரு வாரம் (அம்மா ஐடியா), எடுத்த ரெண்டாம் நாளே பழையபடி. ரூம்ல ஈரப்பதம் 78% காட்டுது, ஏசி நைட் மட்டும்தான். பையனுக்கு 12 கார்டாச்சும் ஹால் சுவத்துல மாட்டணுமாம், ஆனா அங்க மூணு மணி வெயில்ல ஏற்கனவே ஒரு சாரிசார்ட் கார்டு வெளுத்துருச்சு. கடலோரத்துல ஃபாயில் கார்ட ஃப்ரேம் பண்ணி வளையாம வெச்சிருக்கவங்க எப்படி பண்ணீங்க?