மறு: பிளாக்வாட்டர் தொட்டி: கருநீரா, துவர்நீரா?

நண்பர்களுக்கு வணக்கம். இலை முதலியவை ஊறித் தேநீர் நிறம் பெற்ற, மென்மையான அமில நீருள்ள மீன்தொட்டியை ஆங்கிலத்தில் பிளாக்வாட்டர் தொட்டி என்கிறோம். நம் சொற்பட்டியலில் அதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லைப் பதிவது என்பதே கேள்வி.

> கருநீர்த் தொட்டி என்றே வைத்துக்கொள்ளலாம்

ஆறுகளுக்கு இது பொருந்தும். இயற்கையாய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1853-இலேயே அமேசான் பகுதி ஆறுகளை வெள்ளை, நீலம், கறுப்பு என்று நிறத்தால் பிரித்துவிட்டார். தொட்டிக்கு வேண்டாம் என்பேன். கழிப்பறைக் கழிவு கலந்த நீருக்கும் ஆங்கிலத்தில் 'பிளாக்வாட்டர்' என்றே பெயர். தமிழில் அங்கும் 'கருப்புநீர்' வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், நிறம் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று இந்தப் பெயர் எண்ணவைக்கும். கார்பனேட் கடினத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் கார்பனேட், பைகார்பனேட் உப்புகளின் அளவு) 8 டிகிரி உள்ள நீரில் நாட்டுவாதுமை இலையை எவ்வளவு போட்டாலும் தேநீர் நிறம் வரும், பிஹெச் (அமில-கார அளவு) ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். சில்லி ரஸ்போரா என்னும் சிறு சிவப்பு மீனுக்கு வேண்டியது மென்மையான, அமிலத்தன்மையுள்ள நீர். முதலில் ஆர்.ஓ. நீரைக் கலந்து கடினத்தன்மையை 2 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டும். இலை அதற்குப் பிறகு.

என் பரிந்துரை: துவர்நீர். இலையிலிருந்து கரையும் டானின் என்னும் பொருளின் சுவையும் துவர்ப்பு. துவராடை என்னும்போது அந்தச் செம்பழுப்பு நிறமும் துவர். வேதிப்பொருளும் நிறமும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

---

> என் பரிந்துரை: துவர்நீர்

சொல் அழகு. ஆனால் உவர்நீருக்கும் இதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். உவர்நீர்த் தொட்டியில் உப்பைச் சேர்க்கிறோம், இங்கே கரைந்த உப்புகளைக் குறைக்கிறோம். அச்சில் 'த்' விழுந்தால் 2 செ.மீ. மீன்களின் உயிர் போகும். 'இலைத்துவர்நீர்' என்று நீட்டினால் குழப்பம் தீரும்.

---

> 'இலைத்துவர்நீர்' என்று நீட்டினால்

இலை மட்டுமே மூலம் அன்று. போர்னியோவின் சதுப்புக்காடுகளில் நிறம் பெரும்பாலும் மட்கிய கரிமண்ணிலிருந்து கசிகிறது. தொட்டியிலும் பீட் எனப்படும் இக்கரிமண்ணைப் பயன்படுத்துவோர் உண்டு. 'துவர்நீர்' போதும். உவர்நீரோடு குழம்பாதபடி வரையறையில் எண்களைக் கொடுத்துவிடலாம்.

சொற்பட்டியல் பதிவில் அம்மோனியாவைப் பற்றியும் ஒரு வரி கட்டாயம் வேண்டும். பிஹெச் 6-க்குக் கீழே மீன்கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நைட்ரஜனேற்ற பாக்டீரியாக்கள் மந்தமாகிவிடுகின்றன. கழிவு, நச்சு மிகக் குறைந்த அம்மோனியமாகத் தேங்குகிறது. மீன்கள் நலமாகவே தெரியும். ஒருநாள் பாதி நீரை எடுத்துவிட்டுக் காரத்தன்மையுள்ள குழாய்நீரை ஊற்றினால் பிஹெச் ஏறும், தேங்கிய அம்மோனியம் நச்சான அம்மோனியாவாக மாறும், மீன்கூட்டம் முழுவதும் சில மணி நேரத்தில் சாகலாம். 'இலைதான் கொன்றது' என்ற தவறான பேச்சு இப்படித்தான் பிறக்கிறது. வாரம் 10 விழுக்காடு நீர்மாற்றம், அதற்குத் தொட்டியில் உள்ள அதே பிஹெச்சும் வெப்பமும் உள்ள நீர், குறைவான தீனி: இவ்வளவு போதும். இலையின் மேல் முதல் சில நாள்கள் படரும் வெண்பூஞ்சைக்கு அஞ்ச வேண்டாம். வடிகட்டியில் கிளர்வூட்டிய கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், டானினை அது உறிஞ்சிவிடும்.

பதிவுக்கு என் வரைவு:

துவர்நீர் (பெ.): டானின், மட்கு அமிலங்கள் கரைந்து தேநீர் நிறம் கொண்ட, உப்புக் குறைந்த நன்னீர். மீன்தொட்டியில்: கார்பனேட் கடினத்தன்மை 0–2 டிகிரி, பிஹெச் 4.5–6.5, மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) செ.மீ.க்கு 100 மைக்ரோசீமன்ஸுக்குள். நிறம் மட்டும் இருந்து கடினத்தன்மை மிகுந்த நீரை இச்சொல் குறிக்காது. ஒப்பிடுக: கருநீர் ஆறு. வேறு: உவர்நீர்.