அம்மம்மாவின் கல்வெட்டு: எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு நாள்

*பெரியமாமா, காலை 7.12*
எல்லோருக்கும் வணக்கம். இங்கே கனடாவில் இரவாகிவிட்டது, படுக்கப்போக முன்னம் இதை அனுப்புகிறேன். அம்மாவின் 31ஆம் நாள் கல்வெட்டுக்கு (நினைவுப் புத்தகத்துக்கு) வாழ்க்கை வரலாறு எழுதியிருக்கிறேன். அச்சகத்தில் புதன்கிழமைக்குள் கேட்கிறார்கள். வாசித்துப்போட்டுச் சொல்லுங்கோ.

“1938ஆம் ஆண்டு இணுவிலில் பிறந்து, 1957இல் இல்லறம் புகுந்து, நான்கு பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கி, சமயப்பணியும் சமூகப்பணியும் இரு கண்களெனப் போற்றி, மாதர் சங்கத் தலைவியாக விளங்கி…”

*சின்னம்மா, 7.20*
🙏🙏

*அம்மா, 7.31*
அண்ணா, அம்மா தலைவியாக இருந்ததில்லை. பொருளாளர். 22 வருடம். தலைவியாக வரச் சொல்லி எத்தனை தரம் கேட்டார்கள்! “நான் கதிரையில் இருந்தால் கிடாரத்தை யார் கிண்டுறது” என்று சொல்லிவிடுவார்.

*அம்மா, 7.33*
மற்றது, கோபிக்காதீர்கள். பிறந்த ஆண்டையும் ஊரையும் எடுத்துவிட்டால் இது இணுவிலில் யாருடைய கல்வெட்டுக்கும் பொருந்தும்.

*பெரியமாமா, 7.40*
கோபம் இல்லைத் தங்கச்சி. நான் 1986இல் வெளிக்கிட்டவன். அதற்குப் பிறகு அம்மா பட்டதெல்லாம் கடிதத்தில் வந்த அளவுதான் எனக்குத் தெரியும். கடிதத்தில் அவர் எழுதுவது “நாங்கள் சுகம்” மட்டும்தானே. நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுகிறேன்.

*சின்னம்மா, 8.05*
நான் சொல்கிறேன் அண்ணா. குசினியில் நின்றபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

90ஆம் ஆண்டு ஆனியில் போரால் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது எங்கள் வளவில் மூன்று குடும்பம். மாமரத்துக்குக் கீழே கொட்டில் போட்டுக் கொடுத்தது அப்பா. சமையல் எல்லோருக்கும் ஒரே அடுப்பு. பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் நாங்கள் படிப்போம். அந்தக் கொட்டில் பிள்ளைகளையும் அம்மா எங்களோடு வட்டமாக இருத்திவிடுவார். விளக்கு எப்போதும் அந்தப் பிள்ளைகள் பக்கம்தான் இருக்கும். எனக்கு அப்போது அதில் கொஞ்சம் மனவருத்தம். இப்போது நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

*சின்னம்மா, 8.14*
95 ஒக்டோபர் 30. அன்று இரவு ஊரே வெளிக்கிட்டது. எல்லோரும் நகை, காணி உறுதி என்று தேட, அம்மா சருவப்பானையையும் அரிசியையும் அளக்கிற சுண்டையும் எடுத்தார். “பானை இருந்தால் எந்த ஊரிலும் வீடு” என்றார். செம்மணி வீதியில் மழை. சனம் நகரவில்லை, சைக்கிளை உருட்டவும் இடமில்லை. பக்கத்தில் யாருடையவோ குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. அம்மா குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து மழைத் தண்ணீரைச் சேர்த்தார். அது முடிய இன்னொரு குழந்தை, பிறகு இன்னொன்று. விடியும்வரை அவர் தலைக்குக் குடை இல்லை.

*மச்சாள், 8.16*
அப்பம்மா இதை எங்களுக்கு ஒருநாளும் சொல்லவில்லை சின்ன மாமி 😢

*சின்னம்மா, 8.21*
சொல்லமாட்டார் பிள்ளை. மட்டுவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு வகுப்பறையில் ஐந்து குடும்பம். அங்கேயும் விடிய எழும்பிக் கஞ்சி காய்ச்சுவார். பங்குனித் திங்களுக்குப் பன்றித்தலைச்சி அம்மன் கோவிலில் பொங்கினோம். அம்மா அங்கே நின்று கேட்டது ஒன்றுதான்: “எல்லோரையும் அவரவர் வளவில் கொண்டுபோய் விடு தாயே.” தன் வீட்டை மட்டும் கேட்கவில்லை. சித்திரையில் நாங்கள் இணுவிலுக்குத் திரும்பினோம்.

*தம்பி, 9.02*
அம்மப்பாவைப் பற்றியும் எழுதவேண்டும் மாமா. 1999இல் பாரிசவாதம் வந்து ஒன்பது வருடம் படுக்கையில் இருந்தார். ஒவ்வொரு வெள்ளியும் கோவிலுக்குப் போக முன்னம் அம்மம்மா அவருக்கு முகம் மழிப்பார். மூக்குப்பேணியில் சுடுதண்ணீர். இடது கையால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, வலது கையால் மெதுவாக. முடிந்ததும் கண்ணாடியை அவர் முன்னால் பிடித்து, “வடிவாய் இருக்கோ?” என்று கேட்பார். அம்மப்பாவுக்குப் பேச்சு இல்லை. கண்ணை ஒருதரம் மூடித் திறப்பார். அதற்குப் பிறகுதான் அம்மம்மா விபூதி பூசிவிடுவார். நான் வாசற்படியில் இருந்து பார்த்தபடி இருப்பேன்.

*பெரியமாமா, 9.10*
எழுதிக்கொண்டிருக்கிறேன். நித்திரை போய்விட்டது.

*அம்மா, 10.45*
அண்ணா, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு கொப்பி கிடைத்தது. 80 பக்கக் கொப்பி, பின்மட்டையில் வாய்பாடு. சங்கக் கணக்கு என்று நினைத்தேன். இல்லை. பிடியரிசிக் கணக்கு.

*மச்சாள், 10.47*
பிடியரிசி என்றால் என்ன மாமி?

*அம்மா, 10.52*
ஒவ்வொரு நாளும் உலைக்கு அரிசி அளந்தபின், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறு முட்டியில் போடுவது. மாதம் முடியச் சேர்ந்ததை இல்லாத வீட்டுக்குக் கொடுப்பது. அந்தக் காலத்தில் கனபேர் செய்தார்கள், அம்மா கடைசிவரை விடவில்லை. கொப்பியில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

“புளியடி வீடு, 2 கொத்து.
ஒழுங்கைக் கடைசி, 1 கொத்து, பருப்பு 1 சுண்டு.
கிணற்றடிப் பிள்ளை, சோதனைக் காசு.”

92ஆம் ஆண்டு ஒரு மாதம் மட்டும் “இம்மாதம் முடியவில்லை” என்று எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறார்.

*மச்சாள், 10.53*
சுண்டு?

*தம்பி, 10.54*
ரின்பால் பேணி அளவு மச்சாள். நான்கு சுண்டு ஒரு கொத்து.

*பெரியமாமா, 11.03*
இந்தக் கொப்பியைப் படம் பிடித்துக் கல்வெட்டில் ஒரு பக்கம் போடுவோம். ஊர் அறியட்டும்.

*அம்மா, 11.09*
அதுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை அண்ணா. முழுக் கொப்பியிலும் ஒரு பெயர்கூட இல்லை, பாருங்கோ. புளியடி, கிணற்றடி, ஒழுங்கை. யார் வாங்கினது என்று பிள்ளைகளான எங்களுக்கே தெரியக்கூடாது என்று எழுதியிருக்கிறார். ஆனால் ஊருக்குள் வாசிக்கிறவர்களுக்குப் புளியடி எது என்று தெரியும்தானே.

*சின்னம்மா, 11.11*
ஓம் அக்கா. போடவேண்டாம்.

*பெரியமாமா, 11.20*
சரி. “தினமும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்தார்” என்று ஒரு வரி மட்டும். தலைவி என்பதைப் பொருளாளர் என்று மாற்றிவிட்டேன். குடையையும் அப்பாவின் வெள்ளிக்கிழமையையும் அவர்கள் சொன்னபடியே சேர்க்கிறேன். “இரு கண்களென” வெட்டியாகிவிட்டது.

*தம்பி, 11.22*
படம் எது மாமா? ஸ்ரூடியோப் படம் வேண்டாம். ஆடிப்பிறப்பன்று கிடாரத்துக்குப் பக்கத்தில் அகப்பையோடு நிற்கிற படம் என்னிடம் இருக்கிறது. பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, கூழ் குடிக்க ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிறார். முகம் தெளிவாக இருக்கிறது.

*பெரியமாமா, 11.24*
அனுப்பு தம்பி.

*சின்னம்மா, பிற்பகல் 2.30*
31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் போக வான் சொல்லியாகிவிட்டது. காலை 5 மணிக்கு வெளிக்கிடவேண்டும். மத்தியானச் சாப்பாடு 200 பேருக்குச் சொல்லியிருக்கிறோம். அதைவிட 40 பார்சல் முகாமில் இருந்து வந்து ஒழுங்கையில் குடியேறிய குடும்பங்களுக்கு. அது அம்மாவின் வழக்கம்.

*அம்மா, மாலை 5.48*
இப்போது ஒரு மனிதர் வந்துவிட்டுப் போகிறார். ஓட்டோவில் ஒரு மூட்டை அரிசி இறக்கினார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். யார் என்று கேட்டேன், பெயர் சொல்லவில்லை. தேத்தண்ணியும் வேண்டாம் என்றுவிட்டார். “ஆச்சி கொப்பியில் புளியடி வீடு என்று எழுதியிருப்பா. அதில் சேருங்கோ” என்றார். படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

*சின்னம்மா, 5.49*
அக்கா…

*பெரியமாமா, 5.55*
கொப்பியில் இடம் இருக்கிறதா தங்கச்சி?

*அம்மா, 5.57*
இருக்கிறது. கடைசியாக அம்மா எழுதினதுக்குக் கீழே பாதிப் பக்கம்.

*பெரியமாமா, 5.58*
எழுது. புளியடி வீடு, வரவு. எத்தனை கொத்து?

*அம்மா, 6.01*
சுண்டு அடுக்களையில் இருக்கிறது. அளந்துபோட்டுச் சொல்கிறேன்.