அதிவேக எஞ்சினுக்கு எந்த வால்வு லிஃப்டர்? ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் பிரித்துச் சீரமைத்துவரும் பழைய செவ்ரோலே 350 வி8 எஞ்சினில், தட்டையடி ஹைட்ராலிக் லிஃப்டர்களில் (கேம்ஷாஃப்டின் மேடுகள் தரும் அசைவை வால்வை நோக்கிக் கடத்தும் பாகங்கள்) இரண்டின் அடிப்பரப்பு, மிக லேசாகக் குவிந்திருக்க வேண்டியதற்கு மாறாக, நகத்தால் தடவினாலே தெரியுமளவுக்குக் குழிந்து தேய்ந்திருந்தது. அவற்றைத் தூக்கும் கேம் மேடுகளும் மழுங்கிவிட்டன. துத்தநாகச் சேர்க்கை குறைந்த ஆயிலை ஊற்றியது என் தவறுதான்.

கேம்ஷாஃப்டையும் சேர்த்தே மாற்றுவதால், அடியில் உருளும் சக்கரம் கொண்ட ரோலர் லிஃப்டருக்குப் போய்விடத் தீர்மானித்திருக்கிறேன். ஹைட்ராலிக்கா (ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்வது), சாலிடா (அந்த வசதியற்ற திடமானது) என்பதில்தான் குழப்பம். வண்டி பெரும்பாலும் சாலையில்தான் ஓடும். எப்போதாவது பந்தயத் தடத்தில் 6,500 ஆர்.பி.எம். வரை செல்லும். அந்த வேகத்தில் வால்வு ஸ்பிரிங் சற்றே தளர்ந்தாலும் ஹைட்ராலிக் லிஃப்டர் ஆயிலால் உப்பிக்கொண்டு வால்வை முழுமையாக மூடவிடாது. சாலிடில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வால்வு இடைவெளியை அவ்வப்போது அளந்து திருத்த வேண்டும் (அதற்கான பொறுமை எனக்குக் குறைவு), கடினமான ஸ்பிரிங்கின் சுமையில் ரோலரின் ஊசி பேரிங்குகளும் விரைவில் தேயும்.

தகுந்த ஸ்பிரிங்குடன் ஹைட்ராலிக் ரோலரை இந்த வேகத்துக்கு நம்பலாமா? ரோலர் லிஃப்டர் உயரம் கூடியது என்பதால் புஷ்ராட் (லிஃப்டரின் அசைவை மேலே கொண்டுசெல்லும் தண்டு) நீளத்தை எவ்வாறு அளந்தீர்கள் என்பதையும், லிஃப்டர்களை இரண்டிரண்டாகப் பிணைக்கும் இணைப்புப் பட்டை கொண்ட வகை பழைய எஞ்சின் பிளாக்கில் மாற்றமின்றிப் பொருந்தியதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.