40 வரி நிரலுக்கே 'அவுட் ஆஃப் மெமரி' (கமோடோர் 64 பேசிக்)

நாடாப்பெட்டி:
வணக்கம். வைஸ் எமுலேட்டரில் (பழைய கணினியை இன்றைய கணினியில் போலச் செய்யும் மென்பொருள்) கமோடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியை ஓட்டி, அதன் நிரல் மொழியான பேசிக் கற்றுக்கொண்டிருக்கிறேன். எண்ணை ஊகிக்கும் விளையாட்டு, மொத்தமே 40 வரி. 150-ஆம் வரியில் கோசப் 500 (500-ஆம் வரியில் தொடங்கும் துணைநிரலுக்குப் போ என்ற கட்டளை). அங்கே ஊகத்தைச் சரிபார்த்து, தப்பென்றால் கோடூ 100 (நேராக 100-க்குத் தாவு), அடுத்த ஊகம். இருபது சொச்சம் தப்புக்கு அப்புறம் 'அவுட் ஆஃப் மெமரி எரர் இன் 150' என்று நின்றுவிடுகிறது. ஆன் செய்ததும் 38911 பைட் காலி என்று சொன்னதும் இதே திரைதான்! காலி இடத்தைக் காட்டும் ஃப்ரே(0) போட்டால் மைனஸில் ஏதோ வருகிறது. எமுலேட்டர் கோளாறா?

வரிஎண்:
எமுலேட்டர் மேல் பழி வேண்டாம், அசல் பெட்டியிலும் இதேதான். மைனஸை விடுங்கள். 32767-ஐத் தாண்டினால் ஃப்ரே அப்படித்தான் காட்டும், 65536 கூட்டிக்கொள்ளுங்கள்.

தப்பு 500-ல். கோசப் போகும்போதெல்லாம், திரும்பி வரவேண்டிய இடத்தை ஸ்டாக் என்ற சின்ன நினைவகப் பகுதியில் 5 பைட்டாகக் குறித்து வைக்கும். துணைநிரலின் கடைசியில் ரிட்டர்ன் (திரும்பு) கட்டளை வந்தால்தான் அந்தக் குறிப்பு போகும். நீங்கள் கோடூ போட்டுப் பின்வாசல் வழியாக ஓடிவிடுகிறீர்கள், குறிப்பு அங்கேயே கிடக்கிறது. ஸ்டாக் மொத்தமே 256 பைட், அதிலும் முழுதும் பேசிக்குக்குக் கிடையாது. ஸ்டாக் நிறைந்தாலும் நிரலுக்கான இடம் நிறைந்தாலும் அதே செய்திதான் வரும். என்ன செய்ய, அந்தக் காலத்துச் சிக்கனம்.

500-ஐ ரிட்டர்னில் முடியுங்கள். சரியா தப்பா என்பதை ஒரு மாறியில் வைத்து, 160-ல் பார்த்து 100-க்குப் போங்கள்.

நாடாப்பெட்டி:
அருமை! 60 தப்பு சொல்லியும் நிற்கவில்லை. ஊகங்களை எண்ண 500-ல் ஸ்கோர் என்று ஒரு மாறி சேர்த்தேன், உடனே சின்டாக்ஸ் எரர்.

பழையசாவி:
எஸ், சி, ஓ, ஆர், இ. நடுவில் இருக்கும் 'ஓஆர்' பேசிக்கின் சொந்தக் கட்டளைச் சொல், அதைப் பிய்த்து எடுத்துக்கொள்ளும். எஸ்சி என்று வையுங்கள். எப்படியும் பெயரில் முதல் இரண்டு எழுத்தைத்தான் பார்க்கும்.

நாடாப்பெட்டி:
வேலை செய்கிறது, ஆனால் ஸ்கோர் இரண்டிரண்டாக ஏறுகிறது. நடுவில் 150-ஐத் திரையிலேயே 155 என்று திருத்தி ரிட்டர்ன் (கீயைச் சொல்கிறேன்) தட்டியிருந்தேன். அதனாலா?

வரிஎண்:
அதேதான். எண்ணைத் திருத்தினால் வரி நகராது, நகல்தான் விழும். லிஸ்ட் போட்டுப் பாருங்கள், இரண்டும் இருக்கும். வெறும் 150 அடித்து ரிட்டர்ன் தட்டினால் பழையது அழிந்துவிடும். பிபிசி மைக்ரோ என்ற அந்தக் காலத்துக் கணினியில் வரி எண்களை மாற்றிக் கொடுக்கும் ரீநம்பர் கட்டளை உண்டு, இதில் அந்தக் கொடுப்பினை இல்லை.

நாடாப்பெட்டி:
150 போயிற்று. இப்போது ஒன்றொன்றாகத்தான் ஏறுகிறது. நன்றி!